ஆறு மாதக் குழந்தைக்குப் பீச்சாங்கைப் பழக்கம் வருவதில்லை

வாசகர் கேள்விக்குக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரின் பதில்

ராமேசுவரம் தீவில் உள்ள ஒரு மீனவர் குடியிருப்பிலிருந்து 24 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. கணவர் அவருக்கு அத்தை மகன். விசைப்படகில் பங்குக்குப் போகிறார்; அண்ணனோடு சேர்ந்து ஒரு நாட்டுப்படகிலும் பாதிப் பங்கு உண்டு. மகனுக்கு இப்போது 14 மாதம். நிறைமாதத்தில் அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்தவன். இரண்டாம் நாள் வலது கை விட்டுவிட்டுத் துடித்தது. குளிர் நடுக்கம் என்று நினைத்தார்கள். பிறகு வலிப்பு என்று தெரிந்து, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆறாம் மாதம் முதல் எதை நீட்டினாலும் இடது கையால்தான் வாங்கினான். “தாத்தா மாதிரி பீச்சாங்கைக்காரன்” என்று வீட்டில் சிரித்தார்கள். இப்போது வலது கை முஷ்டி மூடியே இருக்கிறது, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கிறது. தவழாமல் உட்கார்ந்தபடியே நகர்கிறான். பிடித்து நிற்கவைத்தால் வலது குதிகால் தரையில் படுவதில்லை. ‘அம்மா’, ‘தா’ என்று இரண்டு சொல் சொல்கிறான்.

மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடது பக்கத்தில் பழைய ரத்தக்குழாய் அடைப்பின் தழும்பு தெரிகிறது, பிறந்த காலத்தில் வந்த ஸ்ட்ரோக் என்றார்கள். அதிலிருந்து வீடு கலங்கிக் கிடக்கிறது. கிரகணத்தன்று வெளியே போனதால்தான் என்கிறார் மாமியார். சொந்தத்தில் கட்டியதால் என்கிறார்கள் வேறு சிலர். ஒரு பெருநகரத் தனியார் மையம் மூன்று தவணை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூல செல்) ஊசிக்கு மூன்று லட்சம் ரூபாய் கேட்கிறது. கணவர் படகுப் பங்கை விற்கத் துணிந்துவிட்டார். இதற்கிடையில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வுக் குழு, கைப்பயிற்சி ஆய்வு ஒன்றில் குழந்தையைச் சேர்க்கச் சம்மதம் கேட்கிறது. வீடியோ எடுப்பார்களாம், மரபணுவுக்கு ரத்தமும் எடுப்பார்களாம். “பிள்ளையை வச்சு சோதனை பண்ணப்போறாங்க” என்று மாமியார் தடுக்கிறார். அவருக்கு ஏர்வாடி தர்காவில் ஒரு மண்டலம் தங்கவேண்டும் என்று ஆசை. கணவரோ, ‘மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், தினமும் ராமநாதபுரம் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுக்கலாம்’ என்கிறார். பேச்சு வருமா, நடப்பானா, அடுத்த குழந்தைக்கும் வருமா என்பவை தாயின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தடைக்காலம் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான அந்த 61 நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே தொடங்குங்கள். ஏன் என்று சொன்னால்தான் மற்ற கேள்விகளுக்கான பதிலும் புரியும்.

உங்கள் மகனுக்கு நடந்தது இதுதான். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் ஒரு சிறு ரத்தக்கட்டி மூளைக்குப் போகும் இடது நடுத் தமனியை அடைத்திருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் இவ்வகை அடைப்பு வலதைவிட இடது பக்கத்தில்தான் அதிகம். அந்தத் தமனி ஊட்டும் பகுதியில் வலது கையை இயக்கும் இடமும் அடங்கும். இரண்டாம் நாள் ஒரு கை மட்டும் துடித்ததே, அதுதான் இதன் பொதுவான முதல் அடையாளம். வலிப்பு நின்றதும் குழந்தை பால் குடிக்கும், சிரிக்கும், எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும். காரணம், முதல் மூன்று நான்கு மாதம் வரை எந்தக் குழந்தையும் கையை நினைத்தபடி பயன்படுத்துவதில்லை. பொருளை எட்டிப் பிடிக்கும் வயது வரும்போதுதான் ஒரு கை பின்தங்குவது கண்ணுக்குத் தெரியும்.

இடது கைப் பழக்கம், வலது கைப் பழக்கம் என்பதெல்லாம் பொதுவாக இரண்டு வயதுக்குப் பிறகு மெல்லப் படிவது. ஒரு வயதுக்குள் ஒரு கை மட்டும் முன்னால் வருகிறது என்றால் அது தாத்தாவிடமிருந்து வந்தது இல்லை, மற்ற கையில் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. தடுப்பூசிக்குப் போகும் இடத்திலேயே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. உங்கள் தெருவில் வேறு கைக்குழந்தைகள் இருந்தால் அந்தத் தாய்மார்களிடம் சொல்லுங்கள்.

செத்த மூளைத்திசு திரும்ப முளைக்காது. ஆனால் குழந்தையின் மூளையில் இணைப்புகள் இன்னும் முடிவாகவில்லை. பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைகளுக்கும் நரம்பு இழைகள் போகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் எதிர்ப்பக்கக் கைக்குப் போகும் இழைகள் வலுத்து, அதே பக்கத்துக்குப் போகும் இழைகள் குறைந்துவிடும். யார் அதிகம் வேலை செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் தண்டுவடத்தில் இடம். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் இடது மூளையில் பிழைத்திருக்கும் இழைகள் போதிய வேலை இல்லாமல் இடத்தை இழக்கின்றன. நன்றாக இருக்கும் வலது மூளை இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜேனட் அயர் குழுவினர் கைக்குழந்தைகளிடம் காந்தத் தூண்டல் முறையில் இதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அடிபட்ட பக்கத்திலிருந்து பிறந்த புதிதில் கைக்குக் கிடைத்த சைகை, சில குழந்தைகளில் முதல் இரண்டு ஆண்டுக்குள் மெல்ல மறைந்துபோனது என்று 2007-இல் எழுதினார்கள். பூனைக்குட்டிகளில் ஜான் மார்ட்டின் குழு செய்த சோதனைகளும் இதையே சொல்கின்றன: பயிற்சி சீக்கிரம் தொடங்கினால் மூளையின் இயக்க வரைபடம் (எந்த இடம் எந்த அசைவை நடத்துகிறது என்ற அமைப்பு) மீள்கிறது, தாமதித்தால் அந்த அளவு மீள்வதில்லை.

அதாவது உங்கள் மகனின் கை இழந்ததில் ஒரு பங்கு அந்த அடைப்பால். இன்னொரு பங்கு, அதற்குப் பிறகு கை சும்மா இருந்ததால். இரண்டாவதை மாற்ற நம்மால் முடியும். 14 மாதம் என்பது தாமதம் ஆகிவிட்ட வயது இல்லை, தள்ளிப்போடக்கூடிய வயதும் இல்லை. நான்கு மாதம் கழிந்தால் கதவு அடைத்துவிடும் என்றும் பயப்பட வேண்டாம். பெரிய குழந்தைகளும் பயிற்சியால் முன்னேறுகிறார்கள், ஆனால் அதே பலனுக்கு உழைப்பு கூடும்.

பேச்சும் நடையும்

இடது பக்கம்தான் மொழிக்கானது என்று யாரோ சொன்னதால் பயந்திருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு அது சரி. பிறந்த குழந்தைக்கு மொழி இன்னும் ஒரு பக்கமாகக் குடியேறவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எலிசா நியூபோர்ட் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இதே போல இடது பக்கம் பெரிய அடைப்போடு பிறந்து வளர்ந்த 15 பேரைப் பார்த்தார்கள். உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் வாக்கியங்களைப் புரிந்துகொள்வதில் வேறுபாடு இல்லை. அந்த வேலையை மூளையின் வலது பக்கம், இடதில் இருக்கவேண்டிய இடங்களுக்கு நேர் எதிரான இடங்களில் செய்தது. 14 மாதத்தில் இரண்டு சொல் என்பது கவலைக்குரிய எண்ணிக்கையே இல்லை. 18 மாதத்தில் பத்து சொல்லும் எட்டவில்லை, அல்லது சொன்ன சொல் நின்றுபோகிறது என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். காது கேட்கும் சோதனையை இப்போதே செய்துவிடுங்கள்.

ஆனால் ‘சின்ன மூளை எல்லாவற்றையும் சரிக்கட்டிக்கொள்ளும்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதையும் அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு பக்கத்து வேலையை ஒரு பக்கம் தாங்கும்போது கவனம், கணக்கு, வடிவங்களைப் புரிந்துகொள்வது போன்றவற்றில் இழுபறி வரலாம். அது ஒன்றாம் இரண்டாம் வகுப்பில்தான் தெரியும். அப்போது ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்காமல் இருக்க, பள்ளியில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை, ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருமே நடக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். குதிகால் படாததற்குக் கணுக்காலைத் தாங்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் தாங்கி வேண்டியிருக்கலாம். அதை அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும், ஆயத்தமாக விற்பதை வாங்காதீர்கள். உள்ளே பருத்திக் காலுறை. கழற்றி அரை மணி நேரம் கழித்தும் சிவந்த தடம் மறையவில்லை என்றால் தாங்கியைத் திருத்த வேண்டும். கடற்கரை மணலில் தாங்கியோடு நடக்கவிடாதீர்கள், மணல் உள்ளே புகுந்து தோலைத் தேய்த்துவிடும். மணலில் விளையாடும்போது கழற்றிவிடுங்கள்; விளையாட்டு முடிந்ததும் காலைக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். குழந்தை வளர வளர, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் புதிய அளவு தேவைப்படும்.

வீட்டில் தொடங்கவேண்டிய கைப்பயிற்சி

நல்ல கையைக் கொஞ்ச நேரம் ஓய்வில் வைத்து, தளர்ந்த கைக்கு வேலை கொடுக்கும் முறைக்கு ஆய்வுகளின் ஆதரவு வலுவாக இருக்கிறது. ஸ்வீடனில் கைக்குழந்தைகளிடம் நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 6 நாள், 6 வாரம் செய்து, 6 வாரம் ஓய்வு விட்டு, மறுபடி 6 வாரம் செய்தார்கள். சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு நாளுக்கு 2 மணி நேரம் வரை, 8 வாரம். அமெரிக்காவில் 8 முதல் 36 மாதக் குழந்தைகளிடம் நாளுக்கு 3 மணி நேரமா 6 மணி நேரமா என்றுகூட ஒப்பிட ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஆனால் அது பயிற்சி பெற்றவர் கூடவே இருந்து செய்வது, தனியாக ஒரு தாய் செய்யக்கூடியதில்லை.

முதல் முறை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (கை வேலைக்கும் அன்றாடச் செயல்களுக்கும் பயிற்சி தருபவர்) ஒருவரிடம் காட்டி, எந்த வேலையிலிருந்து தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே அனுப்புவார்கள். கட்டணம் இல்லை. மாதம் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துக்கொண்டு, அன்றாடப் பயிற்சியை வீட்டில் செய்தால் போதும். தினமும் பாம்பன் பாலம் தாண்டி அலைவதால் குழந்தை களைத்துப்போவதுதான் மிச்சம்.

உறை: பழைய வேட்டித் துணியில் விரல்கள் மூடிய, கட்டைவிரலுக்குத் தனி இடம் இல்லாத உறை ஒன்று தைத்து இடது கைக்கு மாட்டுங்கள். மணிக்கட்டில் உங்கள் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். கயிறு, நாடா, கிரேப் பேண்டேஜ் சுற்றாதீர்கள். கையை உடம்போடு சேர்த்துக் கட்டவே கூடாது. நாள் முழுக்க மாட்டிவைப்பதும் தவறு. நல்ல கைக்கான நரம்புகளும் இப்போதுதான் வளர்கின்றன, அதற்கும் வேலை தேவை. நிற்க, நடக்க முயலும்போது உறையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் ஊன்றக் கை வேண்டும். தண்ணீர், அடுப்பு இருக்கும் இடத்துக்கு உறையோடு விடாதீர்கள்.

நேரம்: தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் வேளையில் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. இரண்டு வாரத்தில் 30 நிமிடமாகக் கூட்டுங்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பதைப் பயிற்சியாளர் சொல்லட்டும்.

உட்காரும் விதம்: பாதம் தரையில் படும்படி தாழ்ந்த முக்காலியிலோ உங்கள் மடியிலோ, முதுகுக்குத் தாங்கல் கொடுத்து உட்காரவையுங்கள். உடம்பு சாய்ந்தால் மூளையின் முழுக் கவனமும் விழாமல் இருப்பதில் போய்விடும், கைக்கு மிச்சம் இருக்காது.

வேலை: முதலில் தட்டிவிட்டாலே பலன் தெரியும் பொருள்கள்: உருளும் பந்து, சத்தம் போடும் எவர்சில்வர் டப்பா. பிறகு பெரிய வளையல், ஸ்பான்ஜ், கசங்கிய துணி போல லேசான, பருமனான பொருள்கள். பிடிப்பதைவிட விடுவதுதான் இந்தக் குழந்தைகளுக்குக் கடினம். அகன்ற வாய் உள்ள பனை ஓலைக் கொட்டானின் விளிம்பில் மணிக்கட்டு படும்படி வைத்தால் விரல் தானாகத் திறக்கும். உள்ளே போடப் பழக்குங்கள். கட்டைவிரல் உள்ளே மடங்கியே இருந்தால் அதை வெளியே நிறுத்தும் மெல்லிய துணித் தாங்கியைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பொருளைப் பிடி பிடி என்றால் பாவம், எதைக் கொண்டு பிடிப்பான்?

பெரும்பாலும் பயிற்சி தோற்பது ஒரே இடத்தில்தான்: பெரியவர்களுக்குப் பொறுமை இல்லை. பொருளை நீட்டிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்றாவது எண்ணிலேயே கையில் திணித்துவிட்டால் அவன் மூளை எந்தக் கட்டளையும் அனுப்பியிருக்காது. கடினமான வேலையில் தொடங்கி அழவைப்பது இரண்டாவது தவறு. பத்து முயற்சியில் ஏழெட்டு பலிக்கும்படி வேலை எளிதாக இருக்க வேண்டும். வாயால் கவ்வப் பார்த்தால் பொருள் பெரிதாக இருக்கிறது அல்லது தூரமாக இருக்கிறது என்று அர்த்தம். வலது பக்கத்தில் வைத்த பொருளைக் கவனிக்கவே இல்லை என்றால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பக்கப் பார்வை குறைந்திருக்கலாம்; கண் மருத்துவரிடம் பார்வைப்புலம் பார்க்கச் சொல்லுங்கள்.

உறையைக் கழற்றியதும் இரு கையும் சேர்ந்து செய்யும் விளையாட்டு ஒரு 20 நிமிடம்: பெரிய பந்தை அணைத்துத் தூக்குவது, மூடியைப் பிடித்து இழுப்பது, இரு கையாலும் டம்ளரைப் பிடிப்பது. அன்றாட வாழ்க்கையில் வலது கை உதவிக் கையாக இருந்தாலே பெரிய வெற்றி. சட்டைப் பொத்தான் போடும்போது துணியைப் பிடித்துக்கொள்ளும் கை அது. சோற்றாங்கையாக அதையே ஆக்கிவிட வேண்டும் என்று வீட்டில் யாரும் அடம்பிடிக்க வேண்டாம்; அவன் இடது கையால்தான் சாப்பிடுவான், எழுதுவான். அதற்காகத் திட்டு விழக் கூடாது.

வாரம் ஒருமுறை, ஒரே வேலையை ஒரு நிமிடம் செல்போனில் படம் பிடியுங்கள். மாற்றம் மெதுவாக வருவதால் கூடவே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் தெரியும். காய்ச்சல், வலிப்பு வந்தால் பயிற்சியை நிறுத்திவையுங்கள். எண்ணெய் தடவி மெல்ல நீவுவதில் தவறில்லை. விரலை முறுக்கி, நெட்டி முறித்து ‘உருவிவிடுவது’ வேண்டாம். இறுக்கம் மூளையிலிருந்து வரும் கட்டளையால் உண்டாவது. கையை வலிக்கவைத்தால் அது இன்னும் இறுகும்.

உங்கள் கடற்கரை வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சோழி, சின்னச் சிப்பி, வலையில் கோர்க்கும் ஈயக்குண்டு இவற்றைப் பயிற்சிப் பொருளாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்குவது ஒரு பக்கம். ஈயம் குழந்தை மூளைக்கு நஞ்சு, அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வீட்டில் ஈயம் உருக்குபவர் இருந்தால் அந்த வேலை குழந்தை இல்லாத இடத்துக்குப் போகட்டும். வலை வேலை முடித்து வருபவர் கை கழுவி, சட்டை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கவேண்டும்.

மூன்று லட்ச ரூபாய் ஊசி

உங்கள் கணவரின் வேகம் பாசத்திலிருந்து வருவது. ஆனால் படகுப் பங்கை இதற்காக விற்பதை நான் நேராகவே வேண்டாம் என்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, வேறு எந்த நோய்க்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம்.

அந்த மையம் ‘வெளிநாட்டு ஆய்வு’ என்று காட்டியிருக்கக்கூடிய இரண்டைச் சொல்கிறேன். நெதர்லாந்தில் இதே வகை ஸ்ட்ரோக் வந்த 10 பச்சிளங்குழந்தைகளுக்கு மூக்கு வழியாக ஸ்டெம் செல் கொடுத்து 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். அது நோய் தெரிந்த ஒரு வாரத்துக்குள் கொடுக்கப்பட்டது; பார்த்தது பாதுகாப்பானதா, செய்ய முடியுமா என்பதை மட்டும். 14 மாதக் குழந்தைக்கு அதிலிருந்து எந்த உறுதியும் எடுக்க முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் மூளை முடக்குவாதம் உள்ள 63 குழந்தைகளுக்கு அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தையே கொடுத்துப் பார்த்தது. 2017-இல் வந்த முடிவில் மொத்தக் குழுவில் எதிர்பார்த்த வேறுபாடு இல்லை. அதிக அளவு செல் பெற்றவர்களிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. மேலும் ஆராய வேண்டியது என்பதற்கு இது போதும். விலைப்பட்டியல் போடப் போதாது. முதுகுத்தண்டில் ஊசி, மயக்க மருந்து, தொற்று என்று ஆபத்துகளோ உறுதியானவை. ‘ஊசிக்குப் பிறகு தீவிரப் பயிற்சி உண்டு’ என்றும் சொல்வார்கள். குழந்தை தேறினால் அந்தப் பயிற்சியால்தான், பெயர் மட்டும் ஊசிக்குப் போகும்.

ஆய்வுக் குழுவுக்கு என்ன பதில் சொல்வது

உங்கள் வீட்டில் பயம் தலைகீழாக இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு, ஆய்வே செய்யாமல் ஊசி போடுபவரிடம் பயமில்லை. பணம் வாங்காமல், எழுதிக் கேட்டு, மறுக்க உரிமை தருபவரிடம் பயம். மாமியாரை நான் குறைசொல்லவில்லை. படிக்கத் தெரியாதவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டால் யாருக்கும் அச்சம் வரும். ஆகவே இவற்றைக் கேளுங்கள்.

தகவல் தாள் முழுவதும் தமிழில் வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவர் கரை திரும்பியதும் வாசிக்க நேரம் வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அந்தக் குழுவின் தொடர்பு எண்ணும் தாளில் இருக்க வேண்டும். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். அதே எண்ணை அந்த ஊசி மையத்திடமும் கேட்டுப் பாருங்கள்.

குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பார்களா, புதுப் பயிற்சி கிடைக்காத குழுவுக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். வழக்கமான சிகிச்சை யாருக்கும் நிறுத்தப்படக் கூடாது. உங்கள் மகன் எந்தக் குழுவில் விழுவான் என்பதை மருத்துவர்கூடத் தேர்வு செய்ய முடியாது என்பதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வில் சேர்வதே சிகிச்சை என்று நினைத்துச் சேர்ந்து பிறகு ஏமாந்ததாக வருந்துபவர்கள் உண்டு. நடுவில் விலகலாம், விலகினாலும் மருத்துவமனையின் மற்ற கவனிப்பு குறையக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு உங்களுடையதாக இருக்கக் கூடாது.

ரத்தத்துக்கும் வீடியோவுக்கும் தனித்தனிக் கேள்விகள். மரபணுவில் எதைத் தேடுகிறார்கள், முடிவை உங்களுக்குச் சொல்வார்களா, மிச்ச ரத்தத்தைச் சேமிப்பார்களா? வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவதற்கு மட்டும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு மற்றதற்குச் சம்மதிக்கலாம். வீடியோவில் முகம் தெரியுமா, யார் யார் பார்ப்பார்கள், வகுப்பில் காட்டுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இவற்றுக்கெல்லாம் நேரான பதில் கிடைத்தால், நான் சேரும் பக்கம்தான் சாய்வேன். பயிற்சியை ஒழுங்காக அளந்து பார்க்க ஒரு குழு கூடவே இருப்பது உங்களுக்கும் நல்லது.

யார் மேல் பழி

கிரகணம் காரணம் இல்லை. அறுவைச் சிகிச்சையும் காரணம் இல்லை. சொந்தத்தில் திருமணம் செய்தால் சில மரபு நோய்களுக்கான வாய்ப்பு கூடுவது உண்மை. ஆனால் ஒரே ஒரு தமனியில் வந்த இந்த அடைப்பு அந்த வகையில் சேர்ந்ததில்லை. பெரும்பாலான குழந்தைகளில் நஞ்சுக்கொடியிலிருந்து வந்த கட்டியாக இருக்கலாம் என்றுதான் கருதுகிறோம். பலருக்கு உறுதியான காரணம் கிடைப்பதே இல்லை. இதயத்தின் எக்கோ பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அது சரியாக இருந்தால் இவனுக்கு மறுபடி அடைப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு; அடுத்த குழந்தைக்கும் அப்படியே. அடுத்த கர்ப்பத்தின்போது இவனுடைய கதையை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுங்கள். உப்பளத்தில் அள்ளிய கல் உப்பை விட்டு அயோடின் சேர்த்த உப்புக்கு மாறுங்கள். கடலோரம் என்பதால் உப்பில் அயோடின் தானாக வந்துவிடாது.

ஏர்வாடிக்குப் போய் வரட்டும், அத்தையின் மனதுக்கு அது தேவை. ஆனால் ஒரு மண்டலம் தங்குவது என்றால் நாற்பது நாள் பயிற்சியும் தூக்க ஒழுங்கும் போய்விடும். வலிப்பு மருந்து இருந்தால் ஒரு வேளையும் விடக் கூடாது. ஒரு நாள் போய் வேண்டிக்கொண்டு மாலைக்குள் திரும்பலாமே.

வலிப்பு பற்றி

இவ்வகைக் குழந்தைகளில் கணிசமானோருக்குப் பிற்காலத்தில் வலிப்பு வருகிறது. நீங்கள் முக்கியமாகக் கண்வைக்க வேண்டியது, பார்த்தால் வலிப்பு போலவே தெரியாத ஒன்று: தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து, கை கால் ஓரிரு விநாடி உதறி, சற்று விட்டு மறுபடி, அடுக்கடுக்காக வருவது. வயிற்றுவலி, பயந்து திடுக்கிடுகிறான் என்று வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இது பெரும்பாலும் முதல் வயதில் வருவது, இரண்டு வயது வரை விழிப்பாக இருங்கள். பார்த்தால் செல்போனில் படம் எடுத்து அன்றே மருத்துவரிடம் காட்டி இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்கவேண்டும், சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைப் பின்னே இழுக்கும்.

சாதாரண வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். இரும்புச் சாவி கொடுத்தால் நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு தானாகவே நிற்பதால் சாவிக்குப் பெயர் கிடைக்கிறது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால், மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை எடைக்கேற்ற அளவு எழுதி வீட்டில் வைத்திருக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அரசு வழிகள்

உங்கள் மகனுக்கு உள்ள குறை மூளை முடக்குவாதம் என்ற பெயரில் அடங்கும். அது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டு அதிர வேண்டாம். வளரும் மூளையில் ஒருமுறை ஏற்பட்ட பாதிப்பால் அசைவில் வரும் குறைக்கு அதுதான் பொதுப்பெயர், அது நாளுக்கு நாள் பரவும் நோய் இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்திலும் உதவுவார்கள். சலுகைகளுக்குப் பெரும்பாலும் 40 சதவீதம் தேவை. சின்னக் குழந்தைக்கு இப்போது தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், பிறகு மறுமதிப்பீடு உண்டு. தாங்கிகளுக்கும் அங்கேயே கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தால் அதில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் அங்கேதான் சிக்கல் வருகிறது.

பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து வந்த டிஸ்சார்ஜ் அட்டை, எம்.ஆர்.ஐ. படமும் சி.டி.யும், தடுப்பூசி அட்டை, எடை மற்றும் தலைச்சுற்றளவு எழுதிய தாள் இவற்றை ஒரே உறையில், மழைத்தண்ணீர் படாமல் வையுங்கள். இரண்டாம் நாள் துடித்த கை எது என்று அந்த டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதியிருந்தால், போகுமிடமெல்லாம் முதலில் அதைக் காட்டுங்கள்.